ஜனவரிமீது சுமத்தப்படும் பழி

பிரிட்டனில் ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை வந்துவிட்டால் பத்திரிகைகளில் ஒரே செய்தி ஆண்டு தவறாமல் தலைகாட்டும்: ஆண்டிலேயே மிகச் சோகமான நாள் இன்றுதான். 'ப்ளூ மண்டே' என்று அதற்குப் பெயரும் உண்டு. 2005-இல் ஸ்கை டிராவல் என்ற பயண நிறுவனத்துக்காகத் தயாரான விளம்பர அறிக்கையில்தான் அது முதலில் வெளிவந்தது. வானிலை, கடன், கிறிஸ்துமஸ் முடிந்து கழிந்த நாட்கள், புத்தாண்டு உறுதிமொழி கைவிடப்பட்டு ஆன நாட்கள், ஊக்கக் குறைவு என்று சில எழுத்துகளைக் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் ஒரு சூத்திரம் காட்டினார்கள். கடனைப் பவுண்டில் கணக்கிடலாம். ஊக்கக் குறைவை எந்த அலகில் அளப்பது என்று சூத்திரத்தில் இல்லை. மக்கள் வெயில் தேடிச் சுற்றுலாப் பயணச்சீட்டு வாங்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். உளவியலாளர்களும் அறிவியல் எழுத்தாளர்களும் இதைப் பலமுறை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆனாலும் அது சாகவில்லை. சூத்திரத்தை நம்பி யாரும் ஜனவரியைச் சோகமான மாதம் என்று முடிவு செய்யவில்லை. ஏற்கெனவே அப்படி நம்பியிருந்தவர்களுக்குச் சூத்திரம் ஒரு சாட்சியாகக் கிடைத்தது, அவ்வளவுதான். விளம்பரத்தைத் தள்ளிவிடலாம். அந்த நம்பிக்கையை அப்படித் தள்ள முடியாது. வடக்கு ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் கோடிக்கணக்கானவர்கள் தங்கள் அனுபவம் என்றே அதைச் சொல்கிறார்கள். லண்டனிலும் டொரொன்டோவிலும் குடியேறிய தமிழர்களும் அவர்களில் அடக்கம்.

அவர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு என்று பார்க்கப் போனால், ஒரே பேச்சுக்குள் வெவ்வேறு கூற்றுகள் கலந்து கிடப்பது தெரியவரும். வானம் மூடியிருக்கும் ஒரு நாளில் மனமும் மந்தமாகிறது என்பது ஒன்று. பகல் சுருங்கும் பருவம் முழுவதும் ஒரு சமூகமே சற்றுத் தாழ்ந்த மனநிலையில் இருக்கிறது என்பது வேறொன்று. சிலருக்கு அந்தப் பருவத்தில் மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு நோய் வருகிறது என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்கு ஆதாரம் மிக மெலிது. இரண்டாவது, மக்கள் நம்பும் அளவில் பாதிகூடத் தேறாது. மூன்றாவது மெய், ஆனால் அது சிலருக்கே உரியது. அதிலும் குற்றவாளி மேகமோ மழையோ அல்ல, ஒளியின் நேரக்கணக்கு. இந்தச் சிலரின் நோயை எல்லோருடைய சலிப்புக்கும் பெயராக ஒட்டியதால்தான் கேள்வி இத்தனை ஆண்டுகளாகக் குழம்பிக் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

அன்றாட வானிலையிலிருந்து தொடங்கலாம். 1983-இல் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்டு குளோர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செய்த தொலைபேசி ஆய்வு பாடப்புத்தகங்களில் எல்லாம் இடம்பெற்றது. வெயிலடிக்கும் நாளில் அழைத்துக் கேட்டால் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்றார்கள். மழைநாளில் கேட்டால் மதிப்பைக் குறைத்துச் சொன்னார்கள். பேச்சைத் தொடங்கும்போதே "அங்கே வானிலை எப்படி?" என்று கேட்டுவிட்டால் அந்த வேறுபாடு மறைந்தது. மந்தத்துக்குக் காரணம் மழை என்று நினைவு வந்ததும், அதை வாழ்க்கையின் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. அழகான ஆய்வுதான். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல் ரிச்சர்டு லூக்காஸும் நிக்கோல் லாலெஸ்ஸும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை, அவரவர் பதில் சொன்ன நாளின் வானிலையோடு வைத்துப் பார்த்தார்கள். வெயில், மழை, மேகமூட்டம் எதற்கும் வாழ்க்கைத் திருப்தியோடு சொல்லத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. வாழ்க்கைத் திருப்தி என்பது மெல்ல மாறும் மதிப்பீடு, மனநிலை அப்படியல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மனநிலையையே நாள்தோறும் பதிவுசெய்த ஆய்வும் உண்டு: 2008-இல் ஜெர்மனியில் 1,233 பேரின் இணைய நாட்குறிப்புகளை வைத்து யாப் டெனிசன் குழு செய்தது. வெயில் குறைந்த நாட்களில் களைப்பு சற்றே கூடியது. மற்றபடி வெப்பம், காற்று, வெயில் எல்லாவற்றின் சராசரி விளைவும் மிகச் சிறியது. பிறகு தியோ கிளிம்ஸ்ட்ரா குழு நெதர்லாந்தின் வளரிளம் பருவத்தினரையும் அவர்களின் தாய்மாரையும் ஆராய்ந்தபோது அந்தச் சராசரியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்தது. வெயிலில் மலர்பவர்கள் ஒரு சாரார். வெயிலே ஆகாதவர்கள் இன்னொரு சாரார். மழையை வெறுப்பவர்கள் தனி. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வானிலை எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. ஆக, "மூடிய வானம் மனத்தை மூடும்" என்பது சிலரைப் பொறுத்தவரை சரி, சிலரைப் பொறுத்தவரை நேர்மாறு, பலரைப் பொறுத்தவரை பேச்சுக்குச் சொல்வது.

பருவத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. நார்மன் ரோசென்தால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1970-களில் நியூயார்க்குக்கு வந்த மனநல மருத்துவர். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றியபோது, குளிர்காலம்தோறும் சோர்ந்து வசந்தத்தில் மீளும் நோயாளிகளை அவரும் சக ஆய்வாளர்களும் கவனித்தார்கள். நாளிதழில் கட்டுரை வெளிவந்ததும் ஆயிரக்கணக்கானோர் தொடர்பு கொண்டார்கள். அவர்களிலிருந்து தேர்ந்த 29 பேரை விவரித்து 1984 ஜனவரியில் வெளியான ஆய்வுதான் பருவகால மனச்சோர்வு என்ற நோய்க்குப் பெயர் கொடுத்தது. வழக்கமான மனச்சோர்வில் தூக்கம் கெடும், சாப்பாடு பிடிக்காது. இவர்களோ அதிகம் தூங்கினார்கள், மாவுப்பண்டங்களைத் தேடித் தின்றார்கள், எடை கூடினார்கள். நோயின் சித்திரம் தெளிவாகவே இருந்தது. தொல்லை அதன் பிறகு வந்தது. எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று கண்டறிய அதே குழு ஒரு வினாத்தாளைத் தயாரித்தது. தூக்கம், பிறரோடு பழகுதல், மனநிலை, எடை, பசி, தெம்பு ஆகிய ஆறும் பருவத்துக்கேற்ப உங்களிடம் எவ்வளவு மாறுகின்றன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடச் சொன்னது. மொத்தம் 24. பதினொன்றைத் தொட்டு, அது ஓரளவாவது தொந்தரவு என்றும் சொன்னால் பருவகால மனச்சோர்வுக்காரர் பட்டியலில் சேர்ந்துவிடலாம். குளிரில் கொஞ்சம் அதிகம் தூங்கி, கொஞ்சம் அதிகம் சாப்பிட்டு, எடையும் கூடி, வெளியே போவது குறைந்த ஒருவர் உள்ளூர எவ்விதச் சோகமும் இல்லாமலே பதினொன்றின் அருகில் வந்து நிற்பார். கேள்வியே "பருவத்தால் மாறுகிறீர்களா?" என்று தொடங்கும்போது, பதில் சொல்பவர் தன் ஞாபகத்தைச் சொல்கிறாரா, ஊரில் எல்லோரும் சொல்வதைச் சொல்கிறாரா என்று பிரிக்கவும் வழியில்லை.

1990-இல் இந்த வினாத்தாளை அஞ்சலில் அனுப்பிச் செய்த ஆய்வில், வடக்கே நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா நகரில் 9.7 சதவீதம் பேருக்கும் தெற்கே புளோரிடாவின் சரசோட்டாவில் 1.4 சதவீதம் பேருக்கும் இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது. வடக்கே போகப் போக நோய் கூடும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது இந்தக் கணக்குத்தான். ஆனால் 1998-இல் டான் பிளேசர் குழு, அமெரிக்கா முழுவதையும் தழுவிய ஒரு மனநலக் கணக்கெடுப்பில், முறையான நோயறி விதிகளின்படி பருவம் சார்ந்த பெருமனச்சோர்வு எத்தனை பேருக்கு என்று பார்த்தபோது கிடைத்தது 0.4 சதவீதம். அளவுகோலை மாற்றியதும் நோயாளிகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டார்கள். 2016-இல் அலபாமாவின் மான்ட்காமரியில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லோபெல்லோ குழு இன்னும் ஒருபடி மேலே போனது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆண்டு முழுவதும் நடத்தும் தொலைபேசிக் கணக்கெடுப்பிலிருந்து 34,294 பேரின் பதில்களை எடுத்தார்கள். பருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்ட பதில்கள் அவை. எந்தப் பருவத்தில் கேட்டார்கள், எந்த அட்சரேகையில் இருந்தார்கள், அன்று பகல் எவ்வளவு நீளம் என எப்படிப் பிரித்துப் பார்த்தும் மனச்சோர்வின் அளவு மாறவில்லை.

இந்த ஆய்வை வைத்து "பருவகால மனச்சோர்வு என்று ஒன்றே இல்லை" என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். ஒவ்வொருவரையும் ஒருமுறை மட்டும் கேட்ட கணக்கெடுப்பு அது. ஒரே ஆளைக் கோடையிலும் குளிரிலும் பார்த்ததல்ல. இருநூற்றைம்பது பேரில் ஒருவருக்கு வரும் நோய் முப்பதாயிரம் பேரின் சராசரியில் கரைந்து காணாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் இந்த மறுப்பு காப்பாற்றுவது அந்த ஒருவரின் நோயைத்தான். எஞ்சிய இருநூற்று நாற்பத்தொன்பது பேரும் குளிர்காலத்தில் சற்று வாடுகிறார்கள் என்ற பொதுநம்பிக்கையை அது காப்பாற்றவில்லை. எல்லோரும் சிறிதளவு வாடினாலும் சராசரியில் அது தெரிந்திருக்கவேண்டும்.

இருட்டுக்கே பேர்போன ஊரில் பார்த்தால்? நார்வேயின் டிரோம்ஸோ நகரில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. சுற்றிலும் மலைகள் இருப்பதால் கதிர் கண்ணில் படுவதற்கு இன்னும் சில நாட்கள் ஆகும். ஜனவரி 21-ஐச் சூரிய நாள் என்று வைத்து, ஜாம் அடைத்த உருண்டை ரொட்டி தின்று கொண்டாடுகிறார்கள். அந்நகரில் தலைமுறைகளாக நடந்துவரும் மாபெரும் சுகாதாரக் கணக்கெடுப்பிலிருந்து ஏறத்தாழ 9,000 பேரின் தரவுகளை எடுத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மனவேதனையின் அளவு பருவத்துக்குப் பருவம் குறிப்பிடும்படி மாறவில்லை. தூக்கக் கோளாறு மட்டும் குளிரில் கூடியது. ஐஸ்லாந்திலோ, அங்கிருந்து கனடாவின் மனிடோபாவில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களிடமோ, அட்சரேகையை வைத்து எதிர்பார்க்கும் அளவைவிடப் பருவகால மனச்சோர்வு குறைவு. வடக்கிலேயே நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்களின் உடல் பழகியிருக்கும், மரபணுவே தேறியிருக்கும் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டிலிருந்து போனவர்கள்தான் அதிகம் வாடவேண்டும். ஓஸ்லோவில் வாழும் ஐந்து குடியேறிச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வில் முடிவு தலைகீழாக வந்தது: இந்தத் தொல்லையை அதிகம் சொன்னவர்கள் இரானியர்கள், மிகக் குறைவாகச் சொன்னவர்கள் இலங்கையர்கள், அதாவது பெரும்பாலும் தமிழர்கள். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணிநேர வேறுபாடுதான். யாழ்ப்பாணத்தில் அதைவிடக் குறைவு. லண்டனில் அது ஒன்பது மணிநேரத்தை நெருங்கும், ஓஸ்லோவில் அதையும் தாண்டும். அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் குறைவாகவே குறை சொன்னார்கள். வினாத்தாளின் பலவீனம் இந்த ஆய்வுக்கும் உண்டு. மனச்சோர்வை வெளியே சொல்லத் தயங்கும் பழக்கமும் தமிழரிடையே உண்டு. ஆனால் தொலைவும் இருட்டும் மட்டுமே மனத்தைத் தீர்மானிப்பதில்லை என்று காட்ட இது போதும்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் காத்திருக்கிறது. ஒளி உடலை மாற்றுகிறது என்பது வினாத்தாள் விவகாரமல்ல, உடற்கூறு. பார்ப்பதற்கு உதவாமல், வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளையின் உயிர்க்கடிகாரத்துக்குச் சொல்லும் தனிவகை உயிரணுக்கள் விழித்திரையில் இருப்பதை டேவிட் பெர்சன் முதலானோர் 2002-இல் காட்டினார்கள். இரவில் சுரக்கும் மெலடோனினைப் பிரகாசமான ஒளி அடக்கும் என்று ஆல்ஃபிரட் லூயி 1980-லேயே நிறுவியிருந்தார். ஆஸ்திரேலியாவில் 101 ஆரோக்கியமான ஆண்களின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், மூளையின் செரோடோனின் உற்பத்தி குளிரில் மிகக் குறைந்தும், அன்றைய பிரகாசமான வெயிலின் நேரத்துக்கேற்ப ஏறியும் இருந்தது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 101 பேரும் ஆரோக்கியமானவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அவர்களுடைய செரோடோனின் இறங்கியது; அவர்கள் நோயில் விழவில்லை. மூளையின் வேதியியலில் ஓர் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதும் மனம் தாழ்ந்தது என்று காட்டுவதும் ஒன்றல்ல. தாமஸ் வேர் 2001-இல் பருவகால மனச்சோர்வுள்ள 55 பேரையும் ஆரோக்கியமான 55 பேரையும் கோடையிலும் குளிரிலும் ஒப்பிட்டார். நோயாளிகளின் உடலில் குளிர்கால இரவு மெலடோனின் சுரப்பு நீண்டது, காட்டு விலங்குகளில் நடப்பதைப் போலவே. மற்றவர்களிடம் நீளவில்லை. செயற்கை வெளிச்சத்தில் வாழும் பெரும்பான்மையினரின் உடல் பருவத்தைக் கவனிக்காமலே இருக்க, சிலரின் உடல் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிலரிடமும் மேகத்துக்குப் பங்கில்லை. சிகாகோவில் 1997-இல் மைக்கேல் யங் குழு, நோய் தொடங்கும் வாரங்களை வெப்பநிலை, மேகமூட்டம், பகலின் நீளம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தது. பொருந்தியது பகலின் நீளம் மட்டுமே.

ஒளிச்சிகிச்சை குணப்படுத்துகிறதே, அப்படியென்றால் இருட்டுத்தானே காரணம் என்ற வாதமும் அடிக்கடி வரும். சிகிச்சை வேலை செய்கிறது என்பது சரி. 1998-இல் சார்மெய்ன் ஈஸ்ட்மன் நடத்திய சோதனையில், காலையில் ஒளிப்பெட்டி முன் உட்கார்ந்தவர்களில் 61 சதவீதம் பேர் தேறினார்கள். அணைத்துவைத்த அயனிக் கருவியைச் சிகிச்சை என்று நம்பி அதன் முன் உட்கார்ந்தவர்களில் 32 சதவீதம் பேர். வேறுபாடு வெளிப்பட மூன்று வாரமானது. 2006-இல் கனடாவில் 96 பேரிடம் நடந்த சோதனையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளிப்பெட்டியும் மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரையும் சமமாகவே பலன் தந்தன. ஆனால் மருந்து வேலை செய்வதை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிட முடியாது; பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது, அதற்காகக் காய்ச்சல் பாராசிட்டமால் குறைவால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. பருவத்தோடு தொடர்பே இல்லாத மனச்சோர்விலும் ஒளிச்சிகிச்சை பலன் தருகிறது என்று 2016-இல் அதே கனடியக் குழுவின் ரேமண்ட் லாம் காட்டியதோடு அந்த வாதம் இன்னும் தளர்ந்துவிட்டது. எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. தற்கொலைகள் வட மிதவெப்ப நாடுகளில் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் உச்சம் தொடுகின்றன. 1897-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் தற்கொலையைப் பற்றி எழுதும்போதே இது பழைய செய்தி. ஒரு சமூகத்தின் மனநிலையை அதை வைத்து மட்டும் அளக்கக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் துயரத்தின் உச்சம் ஜனவரி என்பவர்கள் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கவேண்டும்.

ஜனவரிக்காகப் பேசவும் ஒன்று இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றல்ல. லண்டனில் அது புத்தாண்டை ஒட்டி, காலை எட்டு மணி தாண்டி ஆறு நிமிடத்துக்கு நிகழ்கிறது. பகல் நீளத் தொடங்கியும் விடியல் முன்னே வராமல் நிற்கும் நாட்கள் ஜனவரியின் தொடக்க வாரங்கள். விடுமுறை முடிந்து பள்ளியும் அலுவலகமும் திறப்பதும் அப்போதுதான். உயிர்க்கடிகாரத்தை நேரப்படுத்துவதில் காலை ஒளிக்கு முதலிடம் என்பதால், இருட்டில் எழுந்து இருட்டில் ரயிலேறுபவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் களைப்பும் இருப்பதில் ஐயமில்லை. டெனிசனின் நாட்குறிப்புகளில் வெயிலோடு தொடர்புற்றது களைப்பு. டிரோம்ஸோவில் குளிரில் கூடியது தூக்கக் கோளாறு. இரண்டு ஆய்வும் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. குளிர்காலம் பெரும்பாலோரிடம் தொடுவது தூக்கத்தையும் தெம்பையும், துக்கத்தை அல்ல. களைத்த மனிதர் தன்னைச் சோகமானவர் என்று எண்ணிக்கொள்வது எளிது, அதிலும் ஊரே அப்படிச் சொல்லும் மாதத்தில். டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998-இல் கலிஃபோர்னியாவிலும் மத்திய மேற்கு மாநிலங்களிலும் மாணவர்களைக் கேட்டபோது, இரு தரப்பின் வாழ்க்கைத் திருப்தியும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் கலிஃபோர்னியர்கள்தான் அதிக மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்று இரு தரப்பும் நம்பியது, காரணம் அந்த வெயில். அந்த வெயில் தேசத்திலேயே, சான் டியேகோவில், நடுவயதினரின் கையில் ஒளிமானி கட்டிப் பார்த்த 1994-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்கள் 1,000 லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் கழித்தது ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணிநேரம்தான். அதிலும் குறைவாகக் கழித்தவர்களிடம் பருவகால மனச்சோர்வின் அடையாளங்கள் கூடுதலாகத் தென்பட்டன. நல்ல வெளிச்சமுள்ள அலுவலகத்தில் மேசைமேல் விழுவது 500 லக்ஸ். லண்டனின் மூடிய ஜனவரி வானத்தின் கீழ் நண்பகலில்கூட அதைப்போலப் பல மடங்கு ஒளி இருக்கும். நாம் மந்தமான நாள் என்று திட்டும் நாள், உட்கார்ந்து திட்டும் அறையைவிட வெளிச்சமானது. பிரிட்டனில் 85,000-க்கும் மேற்பட்டவர்களின் கையில் ஒளியுணரி கட்டி 2023-இல் வெளியான ஆய்வில் பகலில் அதிக ஒளி பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்தும், இரவில் அதிக ஒளி பெற்றவர்களிடம் கூடியும் இருந்தது. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. மனம் சோர்ந்தவர் வெளியே போகாமல் இருப்பதும் இயல்பு. ஆயினும் நாட்காட்டியைவிடக் கூரையைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும் என்றே தோன்றுகிறது.

இனி அந்தச் சிலரின் பாடு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் பருவகால மனச்சோர்வுள்ள 177 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒளிப்பெட்டியும் மற்றவர்களுக்கு உரையாடல்வழிச் சிகிச்சையும் கொடுத்தார். குளிர்காலத்தைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், முடங்கிக் கிடக்காமல் வேலைகளைத் திட்டமிடவும் பழக்கும் சிகிச்சை அது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமமாகவே உதவின. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளிப்பெட்டிக்காரர்களில் 45.6 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மற்ற சாராரில் 27.3 சதவீதம் பேருக்கு. ஒளிப்பெட்டியை ஆண்டுதோறும் விடாமல் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், உடலில் தொடங்கும் நோயிலும் பருவத்தைப் பற்றிய எண்ணத்துக்கு ஒரு பங்குண்டு என்றாகிறது. ஆண்டுதோறும் "இன்றுதான் சோகத்தின் உச்சம்" என்று அறிவிக்கும் வழக்கம் இவர்களுக்கு நன்மை செய்யாது. நேரத்திலும் அது பிசகுகிறது. பகல் சுருங்கும் வேகம் மிக அதிகம் செப்டம்பர், அக்டோபரில். இந்த நோயாளிகளில் பலருக்குத் தூக்கமும் பசியும் மாறத் தொடங்குவதும் இலையுதிர் காலத்தில்தான். மருத்துவரைப் பார்க்கவும், காலை வேளையில் வெளியே நடக்கப் பழகவும், ஒளிப்பெட்டியை மேசைக்குக் கொண்டுவரவும் உகந்த நேரம் அது. ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை பத்திரிகை விரித்துச் சேதி சொல்லும்போது அவர்கள் மூன்று மாதமாக நோயில் கிடக்கிறார்கள். லண்டனில் பகலோ அதற்குள் நாற்பது நிமிடம்போல நீண்டிருக்கும்.